"கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்" - அந்த "வித்"தை வெட்டுங்க சாமி!

புதுசா ஒரு பொட்டி அசெம்பிள் பண்ணப் போறேன்னு நண்பர்கள்கிட்ட சொல்லிப் பாருங்க. உடனே வரிசையா கேள்வி வரும். ப்ராசஸர் என்ன? ரேம் எவ்வளவு? கிராஃபிக்ஸ் கார்டு உண்டா? எஸ்எஸ்டி எத்தனை ஜிபி? எல்லாம் பேசி முடிச்சு, டீ குடிச்சு, பில்லும் குடுத்துட்டு கிளம்பற வரைக்கும் ஒருத்தரும் "எஸ்எம்பிஎஸ் என்ன போடறே?"ன்னு கேட்டு நான் பார்த்ததில்லை.

கடையில குடுக்கிற கொட்டேஷனைப் பாருங்க. ப்ராசஸருக்கு மாடல் நம்பர் முழுசா இருக்கும். மதர்போர்டுக்கு இருக்கும். ரேமுக்கு மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்கும். கடைசியில ஒரே ஒரு வரி: "கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்". கம்பெனி பேர் கிடையாது, மாடல் கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் கடைசியா வர்ற "மற்றும் உற்றார் உறவினர்" மாதிரி, பேரில்லாத கூட்டத்துல ஒண்ணு.

இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஒரு வரியை ரெண்டு வரியா உடைங்க. கேபினெட் தனி, எஸ்எம்பிஎஸ் தனி. இதைச் செஞ்சாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துடும். மீதிப் பாதிக்கு "எத்தனை வாட்?"ங்கிற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கணும். எப்படின்னு சொல்றேன்.

(டிஸ்கி: நான் படிச்சது ஈசிஈ, பிழைக்கிறது ஜாவாவுல. ஆனா சொந்தத்துலயும் நட்புலயும் யார் பொட்டி வாங்கினாலும் கூட்டிட்டுப் போற ஆள் நான்தான். ரிச்சி தெருவுல சுத்தின சுத்துக்கு ஒரு டிகிரி குடுக்கலாம் :-) )

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு என்ன வேலை?

சுவத்துல வர்றது 230 வோல்ட் ஏசி. பொட்டிக்குள்ள வேணுங்கிறது 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் டிசி. நடுவுல நின்னு மாத்திக் குடுக்கிறதுதான் இதோட வேலை. மதர்போர்டு, கார்டு, டிஸ்க் எல்லாம் இது ஊத்துற கரண்ட்டைத்தான் குடிக்குது. மத்த எந்தப் பாகம் கெட்டாலும் பெரும்பாலும் அது மட்டும்தான் போகும். மட்டமான எஸ்எம்பிஎஸ் கெட்டா, பக்கத்துல இருக்கிறவனையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போகும். அதான் வித்தியாசம்.

இன்னொரு விஷயம். ஒரு காலத்துல கம்ப்யூட்டர்கள் அதிகமா இழுத்தது 5 வோல்ட்லயும் 3.3 வோல்ட்லயும். பென்டியம் 4 வந்த 2000 வாக்குலதான் ப்ராசஸருக்குன்னு தனியா ஒரு 12 வோல்ட் நாலு முள் இணைப்பு வந்தது. இன்னிக்கு ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு ரெண்டுமே முக்கியமா 12 வோல்ட்தான் தின்னுது. இதை மனசுல வச்சுக்கோங்க, கீழே தேவைப்படும்.

கடைக்காரரைத் திட்டாதீங்க

"கடைக்காரன் ஏமாத்திட்டான்"னு சொல்றது சுலபம். எனக்கு அதுல உடன்பாடு இல்லை. அசெம்பிள் பண்றவர் இடத்துல இருந்து யோசிங்க. நாம கொட்டேஷனைத் தூக்கிட்டு நாலு கடை ஏறி இறங்கறோம். ப்ராசஸர் விலை எல்லாருக்கும் தெரியும், அதுல அவரால குறைக்க முடியாது. ரேமும் அப்படித்தான். ஆனா நாம "அடுத்த கடையில ரெண்டாயிரம் கம்மி"ன்னு நிக்கறோம். அவர் எதுல குறைப்பார்? பேர் இல்லாத வரியிலதான் குறைப்பார். நாம கேட்காத இடத்துல அவர் கை வைக்கிறார். கேட்காதது நம்ம தப்பு.

பேர் தெரியாத லோக்கல் சப்ளைக்கும், ஒரு நல்ல கம்பெனியோட 550 வாட் சப்ளைக்கும் வித்தியாசம் மூணு நாலாயிரம் ரூபாய் வரும். அறுபதாயிரம், எழுபதாயிரம் போட்டு வாங்கற பொட்டியில, மொத்தத்தையும் தாங்கி நிக்கிற பாகத்துல இதை மிச்சம் பிடிக்கறோம். வீடு கட்டறப்ப அஸ்திவாரத்துல கம்பியைக் குறைச்சுட்டு, ஹால்ல கிரானைட் போடற கதைதான்.

இது வெறும் பொட்டி விஷயம் இல்லைங்க

திருநெல்வேலிப் பக்கம் எங்க ஊர்ல ஒரு அண்ணாச்சி போட்டோ ஸ்டூடியோ வச்சிருக்கார். கல்யாணம், சடங்கு, காதுகுத்து எல்லாத்துக்கும் அவர்தான். ஆல்பம் டிசைன், வீடியோ எடிட்டிங்னு எல்லாம் ஒரே பொட்டியில. இன்டெல் ஐ5-12400எஃப், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு. நல்ல தேர்வுதான். உள்ளூர்லயே யாரோ அசெம்பிள் பண்ணிக் குடுத்தது. வைகாசி முகூர்த்த நேரம். ஒரு நாள் கரண்ட் போயிட்டுத் திரும்ப வந்தப்ப "டப்"புனு ஒரு சத்தம், கருகின வாடை. அதோட பொட்டி எந்திரிக்கலை.

நான் ஊருக்குப் போயிருந்தப்ப கூப்பிட்டார். மதர்போர்டு போச்சு. ஹார்ட் டிஸ்க் ரெண்டும் போச்சு. ஒண்ணு வேலைக்கு, இன்னொண்ணு காப்பிக்கு. ரெண்டும் ஒரே பொட்டியில, ஒரே எஸ்எம்பிஎஸ்ஸோட வயர்ல. காப்பி எடுத்து வச்சும் பிரயோஜனம் இல்லாம ரெண்டும் ஒண்ணாப் போயிடுச்சு.

"பொட்டி போனா போகட்டும் தம்பி. மூணு கல்யாணப் படம்லா அதுல கெடக்கு. அந்த வீட்ல போயி நான் என்னத்தைச் சொல்ல?"ன்னார்.

டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்பி டேட்டா மீட்கப் பார்த்தோம். ரெண்டு கல்யாணம் கிடைச்சது. மூணாவது கிடைக்கலை. அந்தப் பொண்ணோட தாத்தா கல்யாணம் முடிஞ்ச மாசமே தவறிட்டாராம். அவர் இருந்த கடைசிப் படங்கள் அதுலதான் இருந்திருக்கு. அண்ணாச்சி அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்தார். ஆனா அது பணத்தோட முடியற விஷயமா?

அந்த எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்து ஸ்டிக்கரைப் பார்த்தேன். பெரிய எழுத்துல "450 வாட்". கீழே பொடி எழுத்துல 12 வோல்ட்டுக்கு நேரா 16 ஆம்பியர். அந்த நம்பர்லதான் மொத்தக் கதையும் இருக்கு.

கணக்குப் போடலாம் வாங்க

பயப்படாதீங்க, ஏழாங்கிளாஸ் கணக்குதான். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினா வாட். 12 x 16 = 192. அதாவது, 450ன்னு பெரிசா போட்டிருந்த பொட்டி, வேண்டிய இடத்துல குடுக்கக்கூடியது வெறும் 192 வாட். மீதியெல்லாம் இன்னிக்குப் பொட்டி அதிகம் தொடாத 5, 3.3 வோல்ட் பக்கம் கூட்டிக் காட்டின கணக்கு.

இப்ப அண்ணாச்சி பொட்டிக்கு என்ன வேணும்னு பாருங்க.

1. ஐ5-12400எஃப்: பெட்டியில 65 வாட்னு இருக்கும். அது சாதாரண வேகத்துக்கு. முழு டர்போவுல இன்டெல்லே சொல்ற உச்சம் 117 வாட்.
2. ஆர்டிஎக்ஸ் 4060: 115 வாட்.
3. மதர்போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்துத் தாராளமா ஒரு 50 வாட்.

மொத்தம் 282. இதுல பெரும்பகுதி 12 வோல்ட்ல இருந்து வரணும். இருக்கிறதோ 192. வீடியோ ரெண்டர் போடும்போதெல்லாம் அந்த எஸ்எம்பிஎஸ் மூச்சு வாங்கிட்டுத்தான் இருந்திருக்கும். கரண்ட் திரும்ப வந்த அந்த ஒரு நிமிஷம், ஏற்கனவே நொந்து போயிருந்ததை முடிச்சு வச்சிருக்கு.

ஒரு நல்ல கம்பெனியோட 450 வாட் ஸ்டிக்கரைப் பாருங்க. 12 வோல்ட்டுக்கு நேரா 36, 37 ஆம்பியர் போட்டிருக்கும். பெருக்கினா 450 கிட்ட வரும். மேல சொல்ற நம்பரும் கீழே சொல்ற நம்பரும் பொருந்துதா இல்லையா, இதுதான் முதல் சோதனை. சில ஸ்டிக்கர்ல 12 வோல்ட் ரெண்டு வரியா பிரிஞ்சு இருக்கும். ரெண்டையும் அப்படியே கூட்டிடாதீங்க. அதுக்குக் கீழே சேர்த்து எத்தனை வாட்னு போட்டிருப்பாங்க, அதுதான் கணக்கு.

சரி, 282 தானே தேவை, என்விடியா ஏன் 4060க்கு 550 வாட் சப்ளை வைக்கச் சொல்லுது? காரணம் இருக்கு. கார்டு எப்பவும் ஒரே சீரா இழுக்காது. கண் இமைக்கிற நேரத்துக்கும் குறைவா திடீர்னு எகிறி இறங்கும். 2020ல ஆர்டிஎக்ஸ் 3080, 3090 மாதிரி பெரிய கார்டுகள் வந்தப்ப, வாட் கணக்கு சரியா இருந்தும் விளையாட்டு நடுவுல பொட்டி பொசுக்குனு அணைஞ்சு போன கதை நிறைய. அதனாலதான் 2022ல இன்டெல் ஏடிஎக்ஸ் 3.0 விதிகளைக் கொண்டு வந்தப்ப, புது வகை கார்டு இணைப்போட வர்ற 450 வாட்டுக்கு மேற்பட்ட சப்ளைகள், அளவுல ரெண்டு மடங்கு வரைக்கும் ஒரு 100 மைக்ரோசெகண்ட் தாங்கணும்னு சேர்த்தாங்க.

அதனால என் கணக்கு எளிமையானது. உச்சத் தேவையைக் கூட்டுங்க, அதோட பாதியைச் சேருங்க. 282க்கு 141 சேர்த்தா 423. கார்டு கம்பெனி 550 சொல்லுது. அப்ப நல்ல 550, கதை முடிஞ்சது. கிராஃபிக்ஸ் கார்டே இல்லாத ஆபீஸ், படிப்புப் பொட்டிக்கு நல்ல 400, 450 தாராளம். யூட்யூப்ல யாரோ சொன்னாங்கன்னு எல்லாத்துக்கும் 850 வாட் போடறதும் தேவையில்லாத வேலைதான். ஆர்டிஎக்ஸ் 4090க்கு என்விடியா சொல்றதே 850. உங்க பொட்டியில 4090 இருக்கா? இருந்தா எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க :-)

தங்க ஸ்டிக்கர் மயக்கம்

கொஞ்சம் விவரம் தெரிஞ்சவங்க அடுத்து போய் விழற இடம் இது. "80 ப்ளஸ் கோல்டு" இருந்தா கண்ணை மூடிட்டு வாங்கலாம்னு ஒரு நம்பிக்கை. 80 ப்ளஸ் சொல்றது சிக்கனம் மட்டும்தான். சுவத்துல இருந்து இழுக்கிறதுல எவ்வளவு உள்ளே போகுது, எவ்வளவு சூடா வீணாகுதுங்கிற கணக்கு. 115 வோல்ட் சோதனையில, பாதிச் சுமையில பிரான்ஸுக்கு 85 சதவீதம், கோல்டுக்கு 90 சதவீதம். 230 வோல்ட்டுக்குத் தனிப் பட்டியல் உண்டு. ஷார்ட் ஆனா அணையுமா, அளவுக்கு மேல இழுத்தா தன்னைத் தானே நிறுத்திக்குமா, இதெல்லாம் அந்தச் சோதனையில கிடையாது. அதுவும் அந்தச் சோதனை நடக்கிறது 23 டிகிரி அறையில. நம்ம மே மாச அறை எத்தனை டிகிரின்னு உங்களுக்கே தெரியும்.

உதாரணம் வேணுமா? 2021ல ஜிகாபைட் கம்பெனியோட ஜிபி-பி750ஜிஎம், ஜிபி-பி850ஜிஎம் ரெண்டும் சோதனைகள்ல வெடிச்சுப் பெரிய விவகாரமாச்சு. ரெண்டும் கோல்டு ஸ்டிக்கர் ஒட்டினதுதான். அந்த ஆகஸ்ட்ல கம்பெனி அறிக்கை விட்டு, அதிகச் சுமையில அணையற எல்லையை 120-150 சதவீதத்துல இருந்து 110-120க்குக் குறைச்சு, பழசை மாத்தித் தர்றோம்னாங்க. பேர் பெற்ற கம்பெனி, தங்க ஸ்டிக்கர், ரெண்டும் இருந்தும் இந்தக் கதை. அதனால கம்பெனி பேரை மட்டும் பார்க்காம, அந்தக் குறிப்பிட்ட மாடலை யாராவது பிரிச்சுப் போட்டுச் சோதிச்சிருக்காங்களான்னு தேடிப் படிங்க. அரை மணி நேர வேலை.

"கோல்டு போட்டா கரண்ட் பில் குறையுமே?"ன்னு கேட்பீங்க. பொட்டிக்குள்ள 300 வாட் தேவைன்னா, 85 சதவீதத்துல சுவத்துல இருந்து 353 இழுக்கும், 90 சதவீதத்துல 333. மிச்சம் 20 வாட். தினம் நாலு மணி நேரம்னா மாசத்துக்கு 2.4 யூனிட். யூனிட் பத்து ரூபாய்னே வச்சாலும் 24 ரூபாய். ரெண்டு டீ. அதே மாதிரி "750 வாட் போட்டா 750 வாட்டும் இழுக்கும்"ங்கிறதும் தப்பு. பொட்டி கேட்கிறதைத்தான் அது இழுக்கும்.

நம்ம ஊர் கரண்ட்டுக்குன்னு சில விஷயம்

வெளிநாட்டு ரிவ்யூவுல இதெல்லாம் இருக்காது.

ஒண்ணு, இன்வெர்ட்டர். 2012 மின்வெட்டு சமயத்துல நான் ஸ்கூல் பையன். அதுக்கப்புறம் நம்ம வீடுகள்ல இன்வெர்ட்டர் ஒரு குடும்ப உறுப்பினர் ஆயிடுச்சு. கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கிற இடைவெளியில பொட்டியைத் தாங்கறது எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டர். ஏடிஎக்ஸ் 3.0 கேட்கிறது 17 மில்லிசெகண்ட். நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டோட ஒரு சுத்து 20 மில்லிசெகண்ட். அதாவது ஒரு சுத்துகூட முழுசாத் தாங்காது. மட்டமானதுல கெப்பாசிட்டரையே சின்னதாப் போட்டிருப்பாங்க. இன்வெர்ட்டர்ல யுபிஎஸ் மோடுன்னு ஒரு சுவிட்ச் இருந்தா அதுல வைங்க. முடிஞ்சா ப்யூர் சைன் வேவ் வாங்குங்க. ஆக்டிவ் பிஎஃப்சி இருக்கிற சில சப்ளைகளுக்குப் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஒத்துக்காது.

ரெண்டு, எர்த். கேபினெட்டைத் தொட்டா சுர்ருனு இழுக்குதா? எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டர் பாடியோட இணைஞ்சிருக்கும். எர்த் இல்லைன்னா பாடியில பாதி வோல்டேஜ் வந்து உட்காரும். பொட்டியைக் குறை சொல்லாம எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. கீழே அட்டை போட்டு வைக்கிறது வைத்தியம் இல்லை.

மூணு, பின்னாடி சிவப்புக் கலர்ல 115/230 சுவிட்ச் இருக்கிற சப்ளையா? அது பழைய வடிவமைப்பு. குழந்தைங்க யாராவது 115க்குத் தள்ளிட்டா தீபாவளிதான். 100-240 வோல்ட்னு போட்டிருக்கிறதை வாங்குங்க.

நாலு, கழட்டி மாட்டற கேபிள் வச்ச மாடல்னா, பழைய சப்ளையோட கேபிளைப் புதுசுல மாட்டாதீங்க. முனை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே வயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிஸ்க் சாம்பல் ஆகும்.

அப்புறம், எக்காரணம் கொண்டும் எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல தேங்கி நிக்கலாம்.

"என் வீட்ல பத்து வருஷமா ஓடுதே!"

இந்தப் பதிலும் வரும்னு தெரியும். ஓடும்தான். கார்டு இல்லாத பழைய டூயல் கோர் பொட்டி மொத்தமா இழுக்கறதே நூறு வாட் பக்கம்தான். அதுக்கு அந்த 192 போதும். நேத்து வரைக்கும் டிவிஎஸ் 50ல ஒரு ஆள் போனாரு, பிரச்சினை இல்லை. இன்னிக்கு அதே வண்டியில நெல் மூட்டை நாலு ஏத்திட்டு "நேத்து ஓடுச்சே"ன்னா எப்படி?

பட்ஜெட் இல்லையா? நியாயமான கேள்வி. அப்ப கார்டுல ஒரு படி இறங்குங்க, இல்லைன்னா கேபினெட்ல கலர் லைட்டை விடுங்க. கார்டை அடுத்த வருஷம் மாத்திக்கலாம். நல்ல எஸ்எம்பிஎஸ் 5, 7, சிலது 10 வருஷ வாரண்டியோட வருது. அடுத்த பொட்டிக்கும் அதுவே உழைக்கும்.

ஆக, அடுத்த தடவை கடைக்குப் போறப்ப கேட்க வேண்டியது இவ்வளவுதான்:

- கேபினெட் விலை தனியா, எஸ்எம்பிஎஸ் விலை தனியா போடுங்க.
- எஸ்எம்பிஎஸ் கம்பெனி, மாடல் நம்பர் பில்லுல வரணும்.
- 12 வோல்ட்ல எத்தனை ஆம்பியர்? ஸ்டிக்கரைக் காட்டுங்க.
- வாரண்டி எத்தனை வருஷம், எங்கே போய் மாத்தணும்?

நாலு கேள்விக்கும் பதில் சொல்ற கடையில வாங்குங்க, நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை. நாலு பேர் கேட்க ஆரம்பிச்சாலே கொட்டேஷன் தாளே மாறிடும். கடைக்காரருக்கும் நல்ல சரக்கு விக்கத்தான் ஆசை, வாங்கறவன் கேட்கணும்ல?

அப்புறம் உங்க பொட்டியைத் திறந்து, அந்த ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டுக்கு நேரா என்ன போட்டிருக்குன்னு பார்த்துப் பின்னூட்டத்துல சொல்லுங்க. பெருக்கிப் பார்த்துடுவோம்.

பி.கு: காப்பி எடுத்து வைக்கிற டிஸ்க்கை அதே பொட்டிக்குள்ள மாட்டி வைக்காதீங்க. வெளியே எடுத்து அலமாரியில வைங்க. அண்ணாச்சி இப்ப அப்படித்தான் வைக்கிறார்.